கேஸ் ஷீட் வந்து சேரும் நேரம்

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் தேதியன்று இங்கிலாந்து தேசத்தில், அத்தேசத்து வானிலைப் பதிவேடுகள் அதற்குமுன் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு வெயில் கொளுத்தியது. லிங்கன்ஷயரிலுள்ள கானிங்ஸ்பி என்னும் ஊரில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸை எட்டிற்று. வேலூரிலும் திருச்சியிலும் ஆண்டுதோறும் அக்கினி நட்சத்திரத்தைக் கடந்து வருகிறவர்களுக்கு அது சாதாரண விஷயம். மிதமான சீதோஷ்ணத்தை உத்தேசித்து அமைக்கப்பட்ட கட்டடங்களுக்கும் யந்திரங்களுக்கும் அது சாதாரண விஷயமாக இல்லை. தேம்ஸ் நதிக்கரையில் பார்லிமெண்டு மாளிகைக்கு நேர் எதிரே நிற்கும் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியும், அதற்குக் கிழக்கே லண்டன் பாலத்தருகே நிற்கும் கைஸ் ஆஸ்பத்திரியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குபவை. இரண்டு வளாகங்களிலும் தலா ஒரு டேட்டா சென்டர் இருந்தது. இரண்டு இடங்களில் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்று எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் மேலே இருந்த வானம் ஒன்றே. அன்று ஒரே நாளில் இரண்டிலும் குளிரூட்டும் சாதனங்கள் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றுப்போயின, சர்வர்கள் நின்றன.

அந்த இரு ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சைக்கு ஆதாரமாக இருந்த 371 மென்பொருள் அமைப்புகள் பாதிக்கப்பட்டன என்று பின்னர் தெரியவந்தது. நோயாளியின் பழைய குறிப்புகளைத் திறக்க முடியவில்லை. எடுத்த எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் வழக்கமான இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை. டாக்டர்களும் நர்ஸுகளும் காகிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள். ஆபரேஷன்களும் ஆலோசனைகளும் தள்ளிவைக்கப்பட்டன. ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்ட சங்கடம் வாரக்கணக்கில் நீடித்தது. நிர்வாகம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியதோடு, நடந்ததையெல்லாம் ஆராய்ந்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கையையும் வெளியிட்டது. தன் குறையைத் தானே ஆராய்ந்து ஊரறியச் சொல்லும் அந்த வழக்கம் நம்முடைய ஸ்தாபனங்களுக்கும் வர வேண்டுமென்பது என் மனப்பூர்வமான ஆசை.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் தம்முடைய நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது இதே செயின்ட் தாமஸ் ஸ்தாபனத்தில்தான். அதே வருஷம் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டின் பரிசீலனைக்கு, ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளெல்லாம் ஒரே மாதிரியான படிவத்தில் இருக்க வேண்டுமென்ற யோசனையையும் அவர் அனுப்பிவைத்தார். நோயாளியின் படுக்கையருகே விளக்கேந்தி நின்ற கருணையும், அட்டவணையில் எண்களைச் சரிபார்த்த சிரத்தையும் அந்த அம்மையாரிடத்தில் இரண்டு குணங்களாக இல்லாமல் ஒன்றாகவே இருந்தன. மருத்துவக் குறிப்புகளைப் பற்றிப் பேசும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த லண்டன் ஆஸ்பத்திரிகளில் நடந்தது போன்ற சம்பவங்களைக் கேள்விப்பட்டவுடன், 'ஆஸ்பத்திரிக்குள்ளே சர்வரை வைத்துக்கொள்வதனால் அல்லவா இந்த விபரீதம். எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது பிற நிறுவனங்கள் வாடகைக்கு விடும் சர்வர்களுக்கு, மாற்றிவிட்டால் தொல்லை ஒழிந்தது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே ஜூலை 19-ஆம் தேதி, அதே லண்டன் வெயிலில், கூகுள் நிறுவனத்தின் கிளவுட் கட்டடம் ஒன்றிலும் ஆரக்கிள் நிறுவனத்தின் கிளவுட் கட்டடத்திலும் குளிரூட்டும் சாதனங்கள் செயலிழந்து, அங்கிருந்த சேவைகள் தடைப்பட்டன என்பதைப் பலர் அறிவதில்லை. வெயில் வாடகை யந்திரம், சொந்த யந்திரம் என்று பேதம் பார்க்கவில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில்தான் இருந்தது. கூகுளின் லண்டன் பிராந்தியத்தில் தனித்தனி மின்சாரமும் தனித்தனிக் குளிரூட்டலும் கொண்ட மூன்று மண்டலங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டுமே விழுந்தது. தம் மென்பொருளை இரண்டு மூன்று மண்டலங்களில் பரப்பி வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். செலவைக் குறைக்க எண்ணி ஒரே மண்டலத்தில் வைத்திருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆகவே கிளவுடுக்குப் போவதே ஒரு காப்பு ஆகிவிடாது. எப்படிப் போகிறோம், போன பிறகு எதை எங்கிருந்து கண்காணிக்கிறோம் என்பதில்தான் காப்பு இருக்கிறது.

போக வேண்டிய காரணங்கள் மெய்யானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரியின் தொழில் வைத்தியம். சர்வர் அறையின் ஏ.சி.யையும், ஐந்தாறு வருஷங்களில் மூப்படையும் டிஸ்குகளையும், வாரந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களையும் பராமரிப்பது அதற்கு உபதொழில்தான். உபதொழிலில் கவனம் சிதறும் இடத்தில் எதிரி நுழைகிறான். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23-ஆம் தேதி காலை இ-ஹாஸ்பிட்டல் சேவை நின்றுபோனதற்குக் காரணம், உள்ளே புகுந்த விஷமிகள் ஐந்து சர்வர்களிலிருந்த சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டிவிட்டதே என்று பார்லிமெண்டில் மத்திய அரசு தெரிவித்தது. நெட்வொர்க் சரியானபடி பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததும் அதற்கு வழி செய்தது. தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்து ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நின்ற ஜனங்களுக்கு, கையால் எழுதிய சீட்டே சுமார் இரண்டு வாரங்களுக்குக் கதியாயிற்று. நல்வாய்ப்பாக, பாதிப்புக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. அதிலிருந்து எல்லாம் மீட்கப்பட்டன. அந்த ஒரு பேக்கப் இல்லாமற்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆனால் ஆஸ்பத்திரி முழுவதுமாக நின்றுபோவது எல்லோர் கண்ணிலும் படும் விபத்து, பத்திரிகையில் வரும், விசாரணை நடக்கும். எவர் கண்ணிலும் படாமல், எந்த அறிக்கையிலும் ஏறாமல், தினந்தோறும் நோயாளியின் நேரத்தை அரித்துத் தின்னும் வேறொரு குறை இருக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது; ஸ்கிரீனும் திறக்கிறது; ஆனால் தாமதமாகத் திறக்கிறது. கிளவுடுக்கு மாறும் ஆஸ்பத்திரிகளைப் பெரும்பாலும் வருத்துவது இந்தத் தாமதமே. அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

காலை எட்டு மணி. வார்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஷிஃப்ட் பொறுப்பேற்கும் வேளை. ஸ்டாஃப் நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் படுக்கைக்கு வருகிறார். நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பார்கோடைக் காட்டுகிறார். அவருக்குரிய மருந்துப் பட்டியல் ஸ்கிரீனில் வர வேண்டும். அந்த ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காக, நோயாளியின் பெயர், வயது, அலர்ஜி, நேற்றைய டோஸ், டாக்டர் இரவில் மாற்றிய உத்தரவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் லேப் ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாக மென்பொருள் தகவல் தளத்தைக் கேட்டு வாங்குகிறது. இருநூறு கேள்விகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சர்வர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவரை, ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை மில்லிசெகண்டு பிடித்தது. இருநூறுக்கும் சேர்த்து ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் பக்கம் வந்துவிடும். எவருக்கும் எதுவும் தோன்றாது.

இப்போது அந்தத் தகவல் தளம் மட்டும் மும்பையிலுள்ள ஒரு கிளவுடுக்குப் போய்விட்டது. மென்பொருள் இன்னும் சென்னையிலேயே இருக்கிறது. இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே போய்வருவதற்குக் குறைந்தது பத்து மில்லிசெகண்டு. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் பல சாதனங்களைக் கடக்கிறது. இருபது என்று கணக்கிடுவதே நியாயம். இருநூறு கேள்விகளுக்கு நான்கு செகண்டு. ஒரு பக்கத்துக்கு நான்கு செகண்டு. ஒரு நோயாளிக்கு ஐந்தாறு பக்கங்கள். ஒரு வார்டில் முப்பது நோயாளிகள். ஸ்கிரீனைப் பார்த்தபடி அந்த நர்ஸ் நிற்கும் நேரம் அந்த ஒரு சுற்றிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களாகிறது. இந்தப் பத்து நிமிஷம் யந்திரத்திடமிருந்து எடுக்கப்பட்டதல்ல. கடைசிப் படுக்கையில் இன்சுலினுக்காகக் காத்திருக்கும் நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது.

இதில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வர் பழுதின்றி ஓடுகிறது. நெட்வொர்க் ஒப்பந்தப்படியே இருக்கிறது. மென்பொருளில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆஸ்பத்திரி மென்பொருள்களில் பல, தகவல் தளம் பக்கத்து அறையில் இருக்கும் என்ற நிச்சயத்தில் எழுதப்பட்டவை. பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் 1960-களின் பிற்பகுதியில் மருத்துவக் குறிப்புகளுக்கென்றே உருவான மம்ப்ஸ் என்னும் நிரல்மொழியின் வம்சம் இன்றும் அமெரிக்காவின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி மென்பொருள்களுக்கு அடியில் உயிரோடிருக்கிறது என்றால், இத்துறையில் பழைய எண்ணங்கள் எத்தனை காலம் நிலைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பரிகாரம் இல்லாமலில்லை. தகவல் தளத்தையும் மென்பொருளையும் பிரிக்காமல் ஒரே இடத்துக்குச் சேர்த்தே கொண்டுபோய்விட்டு, ஸ்கிரீனின் தோற்றத்தை மட்டும் வார்டுக்கு அனுப்பலாம். இருநூறு கேள்விகளை ஐந்தாகத் திரட்டி ஒரே தடவையில் கேட்கலாம். ஆனால் குறை எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தானே பரிகாரம்?

இங்கேதான் கண்காணிப்பு என்ற விஷயம் வருகிறது. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்தும் போகிறார்கள். கண்காணிப்புக்கென்று பெரிய ஸ்கிரீன் ஒன்றைச் சுவரில் மாட்டி, சர்வரின் வேலைப்பளு இத்தனை சதவீதம், மெமரி இத்தனை சதவீதம், டிஸ்க் இத்தனை சதவீதம் என்று பச்சை விளக்குகளை வரிசையாகக் காட்டுகிறார்கள். அடுப்பங்கரையில் சோறு வெந்துவிட்டது என்பதனால் பந்தியில் இலைக்கு வந்துவிட்டதாக ஆகாது. அளக்க வேண்டிய இடம் நர்ஸின் கைக்கருகே இருக்கும் ஸ்கிரீன். அவர் பார்கோடைக் காட்டிய கணத்திலிருந்து மருந்துப் பட்டியல் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த கணம்வரை எத்தனை நேரம் ஆயிற்று என்பதை ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு வார்டிலும் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வை-ஃபை எவ்வளவு தின்றது, வழியிலுள்ள நெட்வொர்க் எவ்வளவு, மென்பொருள் எவ்வளவு, தகவல் தளம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வித்தை இன்று கைவந்திருக்கிறது. அதைக் கையாளாமல் ஆளுக்காள் மற்றவரைக் குற்றம் சாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டங்கள் எத்தனை!

அளந்ததைச் சொல்லும் முறையிலும் ஒரு கபடம் நுழைந்துவிட இடமிருக்கிறது. ஆயிரம் தடவை பக்கம் திறக்கப்பட்டது என்று கொள்வோம். அவற்றில் 950 தடவை அரை செகண்டில் திறந்தது. 50 தடவை பன்னிரண்டு செகண்டு பிடித்தது. சராசரி போட்டால் ஒரு செகண்டுக்குச் சற்று அதிகம். மாதாந்திரக் கூட்டத்தில் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஐம்பது தடவைகள் யாருடையவை? குறிப்பு எவ்வளவுக்கு நீளமோ அவ்வளவுக்குப் பக்கம் திறக்கத் தாமதமாகும். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு வந்துகொண்டிருக்கிறவர், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று தடவை வருகிறவர், நான்கு துறைகளில் நான்கு டாக்டர்களைப் பார்க்கிற முதியவர் ஆகியோரின் குறிப்புகளே தடித்தவை. தாமதமாகத் திறப்பவையும் அவையே. ஜலதோஷத்துக்கு வந்தவருக்கு அரை செகண்டு. மிகுந்த வியாதியஸ்தருக்குப் பன்னிரண்டு. சராசரி என்ற போர்வைக்குள் மறைந்து கிடப்பது எண்ணிக்கையில் சிறுபான்மையாயினும், ஆஸ்பத்திரி எவருக்காக இருக்கிறதோ அவர்களே அவர்கள். ஆகையினால்தான், விவரமறிந்தவர்கள் நூற்றில் தொண்ணூற்றைந்தாவது, தொண்ணூற்றொன்பதாவது இடத்தில் நிற்கிறவர் எவ்வளவு காத்திருக்கிறார் என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காத நிர்வாகிக்குக் கண்காணிப்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மாறுவதற்கு முன்பே அளக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய சர்வரில் திங்கட்கிழமைக் காலை ஓ.பி. நெரிசலில் ஒரு பக்கம் எவ்வளவு நேரத்தில் திறந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், மாறிய பிறகு 'முன்னைவிட மெதுவாக இருக்கிறது' என்று நர்ஸ் சொல்வதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நிரூபிக்க முடியாத குறை நாளடைவில் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு பழக்கமாகிவிடும். சிலர் குறுக்குவழி தேடுவார்கள்: மருந்துப் பட்டியலைக் காலையிலேயே காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, கொடுத்து முடித்தபின் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். இடையில் டாக்டர் டோஸை மாற்றியிருந்தால் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

எச்சரிக்கை மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.சி.யூ.வில் இடைவிடாமல் ஒலிக்கும் மணிகளுக்குக் காது மரத்துப்போகும் அபாயத்தை நர்ஸுகள் நன்றாக அறிவார்கள். கம்ப்யூட்டர் பிரிவிலும் அதே அபாயம் உண்டு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அலர்ட் வந்தால், உண்மையான ஒன்றும் அந்தக் கூட்டத்தில் கலந்து போய்விடும். யார் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க முடியாத அலர்ட்டை வைத்திருப்பதில் பொருளில்லை. இன்னொன்று: கண்காணிக்கும் கருவியை, கண்காணிக்கப்படும் சர்வரோடு ஒரே மண்டலத்தில் வைத்துவிட்டால், விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும், மௌனத்தையே ஆரோக்கியமென்று எண்ணி ஏமாற நேரும்.

சர்வர் நலமாக இருந்தும் அதை எட்ட முடியாமற்போகும் கொடுமையை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஆஸ்பத்திரிகளில் ஒன்று பாஸ்டனிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ். காகிதத்தைக் கைவிட்டுக் கம்ப்யூட்டரையே நம்பிய முன்னோடிகளில் அது ஒன்று. 2002 நவம்பர் 13-ஆம் தேதி, ஆராய்ச்சியாளர் ஒருவர் பரிசோதனையாக ஓட்டிய மென்பொருள் ஒன்று நெட்வொர்க்கில் தகவலை வெள்ளமாகக் கொட்டியது. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகச் சேர்த்து வளர்ந்திருந்த அந்த நெட்வொர்க் அதைத் தாங்கவில்லை. சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; தகவல் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை; ஆனால் எதையும் எவரும் எட்ட முடியவில்லை. நான்கு நாட்கள் ஆஸ்பத்திரி காகிதத்தில் நடந்தது. கம்ப்யூட்டரிலேயே பயின்று வந்த இளம் டாக்டர்களுக்குக் காகிதத்தில் உத்தரவு எழுதும் முறையே புதிதாக இருந்தது, மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே தகவல் துறைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஜான் ஹலாம்கா, நடந்ததை மறைக்காமல் எல்லோரிடமும் எடுத்துச் சொன்னார்; மருத்துவ சஞ்சிகையிலும் அது பாடமாக வெளிவந்தது. அதே ஆஸ்பத்திரி பிற்காலத்தில் தன் அமைப்புகளைக் கிளவுடுக்கு மாற்றுவதிலும் முன்னணியில் நின்றது. அடிபட்டவர்களே துணிந்து முன்னே போனார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் விஷயம்.

லண்டனின் அந்த வெயில் நாளுக்குச் சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூலை 19 அன்று, வேறொரு திசையிலிருந்து அடி விழுந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு திருத்தம், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு நிறுத்திவிட்டது. பாஸ்டனின் மாஸ் ஜெனரல் பிரிகாம் ஆஸ்பத்திரிகள் அவசரமல்லாத சிகிச்சைகளையெல்லாம் அன்றைக்கு ரத்து செய்தன. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகள் பல நோயாளிகளின் குறிப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தன. குறிப்புகள் பத்திரமாக இருந்தும், மேஜைமேலிருந்த யந்திரம் எழவில்லை என்பதே பல இடங்களில் நிலைமை.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளவுட் மலிவு என்று சொல்லி விற்கிறவர்களை நம்பிப் போகிறவர்கள், மாதந்தோறும் வரும் பில்லைக் கண்டு திகைக்கிறார்கள்; மலிவுக்காகப் போகாமல் காப்புக்காகப் போகிறவர்கள் திகைப்பதில்லை.

நம் நாட்டில் இந்த விஷயம் இனி ஒவ்வொரு குடும்பத்தையும் தொடப்போகிறது. 2021 செப்டம்பர் 27-ல் தேசமெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்படி, 14 இலக்கங்கள் கொண்ட ஆபா எண்ணை வைத்து, ஓர் ஆஸ்பத்திரியில் பதிவான குறிப்பை நோயாளியின் சம்மதத்தோடு மற்றோர் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்பது உத்தேசம். தென்காசிக்காரர் ஒருவர் மதுரையில் மயங்கி விழுந்தால், அவருடைய மருந்து விவரம் மதுரை டாக்டருக்குக் கிடைக்க வேண்டும். உத்தமமான உத்தேசம். ஆனால் அந்தக் குறிப்பு இப்போது ஒரு சர்வரைத் தாண்டினால் போதாது. சம்மதத்தைச் சரிபார்க்கும் இடம், குறிப்பு இருக்கும் இடம், கேட்கும் இடம் என்று மூன்று நான்கு வாசல்களைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு செகண்டு தாமதித்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் காத்திருக்க மாட்டார். அவர் காத்திருக்கவும் கூடாது. குறிப்பைப் பார்க்காமலே ஊசி போடுவார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அரசாங்கமும் தனியார் ஆஸ்பத்திரிகளும் கிளவுட் நிறுவனங்களோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில், சர்வர் வருஷத்தில் எத்தனை மணி நேரம் விழித்திருக்கும் என்ற ஷரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நெரிசல் வேளையில் நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை மருந்துப் பட்டியல் எத்தனை செகண்டுக்குள் வார்டு ஸ்கிரீனில் தெரிய வேண்டும் என்ற ஷரத்தையும் எழுத வேண்டும். அந்த அளவு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். மாற்றம் நடப்பதற்கு முந்திய மூன்று மாதத்து அளவுகளைப் பக்கத்தில் வைத்தே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பரிசீலிக்கும் குழுவில் என்ஜினீயர்களோடு ஒரு வார்டு ஸ்டாஃப் நர்ஸும், எம்.ஆர்.டி. என்னும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் கேஸ் ஷீட்டுகளைக் கையாண்ட ஓர் ஊழியரும் உட்கார வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவித்த ஒரு நாளில் சில மணி நேரம் கம்ப்யூட்டரை அணைத்து வைத்து, அச்சடித்த படிவங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது, திரும்ப வந்ததும் காகிதத்தில் எழுதியதை யார் ஏற்றுவது என்பதையெல்லாம் ஒவ்வொரு வார்டும் ஒத்திகை பார்க்க வேண்டும். சித்திரை பிறப்பதற்கு முன்னால், இன்னும் சர்வர் அறையைத் தன்னிடமே வைத்திருக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அந்த அறையின் ஏ.சி.யை ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளவும் வேண்டும்.